சூடேற்றுவது எதுவும் செய்யும், ஆறவைப்பது எது? வீட்டுக் கண்ணாடி வேலைக்கு நான்கு சூளைகள்

கண்ணாடியை வெட்டி, அடுக்கி, சூளையில் வைத்து ஒட்டவும் வளைக்கவும் கற்றுக்கொண்டவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: வீட்டுக்கு எந்தச் சூளை வாங்குவது? பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை டிகிரி வரைக்கும் போகும்?” என்பது. இந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. கண்ணாடி வளைய 650 முதல் 720 டிகிரி செல்சியஸ், முழுக்க உருகி ஒன்றாக 800 டிகிரியை ஒட்டிய சூடு. விற்பனைக்கு இருக்கும் ஏறக்குறைய எல்லாச் சூளையும் இதைத் தொடும். வாங்கிய பிறகு வருத்தப்பட வைப்பது ஏறும் சூடு அல்ல, இறங்கும் சூடு.

எதை வைத்து எடைபோடுவது

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். கண்ணாடியில் அந்த அவசரத்துக்கு உடனே பலன் கிடைக்கும். உருகிய தட்டு ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகுதான் சுருங்கும். அந்த இழுபறி தட்டுக்குள்ளேயே தங்கினால் சூளையைத் திறக்கும்போதோ, அலமாரியில் வைத்துச் சில வாரம் கழித்தோ விரிசல் விடும். இதைத் தவிர்க்கக் குறிப்பிட்ட சூட்டில் நிறுத்தி, பிறகு மெதுவாக இறக்குவதுதான் அனீலிங். சூளைக்கென்றே விற்கும் நிறக் கண்ணாடிகளில் புல்ஸ்ஐ நிறுவனத்துக் கண்ணாடிக்கு அந்தச் சூடு 482 டிகிரி, 96 என்ற வகைக்கு 510 (இவை என்னவென்று பிறகு சொல்கிறேன்), ஜன்னல் கண்ணாடிக்கு 550ஐ ஒட்டி. 6 மில்லிமீட்டர் கனத் தட்டுக்கு ஒரு மணி நேர நிறுத்தம், அதன்பின் மணிக்கு 80 டிகிரி வேகத்தில் இறக்கம். கனம் 12 மில்லிமீட்டர் ஆனால் நிறுத்தமும் இரட்டிப்பாகும், இறக்கமும் இன்னும் மெதுவாகும். இந்த ஏற்ற இறக்கத்தை எழுதி வைத்தபடி தானே செய்யும் கன்ட்ரோலர் சூளையில் இருக்கிறதா என்பது முதல் அளவுகோல்.

இரண்டாவது, சூடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. கண்ணாடித் தட்டு அகலமானது, தட்டையானது. மேலிருந்து சூடு விழுந்தால் முழுப் பரப்பும் சேர்ந்து சூடாகும். பக்கச் சுவர்களிலிருந்து வந்தால் ஓரம் முந்திக்கொள்ளும், நடு பின்தங்கும், ஏறும் வழியிலேயே தட்டு இரண்டாகும். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே எந்த வழியில் உடைந்தது என்று தெரியும். உடைந்த விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் ஏறும்போது உடைந்து, பிறகு உருகியது. விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தால் இறங்கும்போது உடைந்தது. சூளை வைத்திருப்பவரிடம் போனால் அவர் குப்பைத் தொட்டியைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தைவிட அது நிறையச் சொல்லும்.

மூன்றாவது, உள்தட்டில் நிஜமாகப் பயன்படும் அகலம். நான்காவது, உங்கள் வீட்டு மின் இணைப்பு தாங்குமா என்பது. கடைசியாக, காயில், அதாவது சூடேற்றும் கம்பிச்சுருள், போனால் உள்ளூரில் மாற்ற ஆள் உண்டா.

மைக்ரோவேவ் சூளை

பெயருக்குச் சூளை. சூடு தாங்கும் வெள்ளைப் பீங்கான் ஃபைபர் கட்டியில் குடைந்த சின்னப் பெட்டி, மூடியின் உட்புறம் சிலிக்கான் கார்பைடு பூச்சு. சாதாரண மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்தால் அந்தப் பூச்சு நுண்ணலையை உறிஞ்சிச் சிவக்கும், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பதக்கம் அளவு கண்ணாடி உருகிவிடும். எடுத்து வைத்து அரை மணி நேரத்துக்கும் மேல் மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் அனீலிங்.

3, 4 சென்டிமீட்டர் துண்டுக்கு இது போதும், ஏனென்றால் சின்னத் துண்டில் உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் குறைவு. தோடு, பதக்கம், சாவிக்கொத்து தாண்டி எதற்கும் ஆகாது. கண்ணாடி வேலை மனசுக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க நினைப்பவருக்குச் சரியான பொருள். மறைந்திருக்கும் செலவு, தனியாக ஒரு பழைய மைக்ரோவேவ். சாப்பாடு சூடாக்கும் அடுப்பையே இதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஃபைபர் தூசி சோற்றில் விழ வேண்டிய பொருள் அல்ல.

லேப் மஃபிள் பர்னஸ்

ஆய்வகங்களில் பொருள்களைச் சூடாக்க வைத்திருக்கும் சின்ன மின்சூளை இது. கல்லூரிகளுக்குச் செய்து தருபவர்கள் பல ஊர்களில் உண்டு, பழசும் மலிவாக வரும். இதனாலேயே பலர் இதில் விழுகிறார்கள். உள்ளளவு பொதுவாக 4×4×9 அல்லது 6×6×12 அங்குலம், அதாவது நீளமான குகை. பெரியதிலேயே அகலம் 15 சென்டிமீட்டர்தான். பக்கச் சுவரில் காயில் இருப்பதால் இரண்டு பக்கமும் விரல் அளவாவது இடம் விட்டால் 12 சென்டிமீட்டர் துண்டுதான் வைக்கலாம். சாப்பாட்டுத் தட்டு அளவை மறந்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல் கன்ட்ரோலர். பழைய மஃபிள்களில் ஒரே ஒரு சூட்டைத்தான் செட் செய்யலாம். 800 என்று வைத்தால் முழு வேகத்தில் 800க்கு ஓடும், பிறகு நிறுத்தினால் தன்போக்கில் இறங்கும். படிப்படியாக ஏற்றி இறக்கும் ரேம்ப்-சோக் வகை பிஐடி கன்ட்ரோலரும், அது சொல்லும்போது காயிலுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எஸ்எஸ்ஆர் என்ற மின்னணு சுவிட்சும் வாங்கி மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்த வேலைதான், செலவும் சூளை விலையைப் பார்த்தால் சிறிது. ஆனால் அந்தச் செலவையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். நகை அளவு வேலை, வெள்ளிக் களிமண் (சுட்டால் வெள்ளியாக இறுகும் பிசைந்த பொடி) சுடுதல், வளையல் துண்டுகளை ஒட்டுதல் என்று செய்பவருக்கு கன்ட்ரோலர் மாற்றிய மஃபிள் நல்ல உழைப்பாளி.

மட்பாண்டச் சூளை

நண்பர் ஒருவரிடம் மின்சாரப் பானைச் சூளை இருந்தால் முதலில் அதை இரவல் கேளுங்கள். 1200 டிகிரிக்குக் கட்டியது, நம் 800 அதற்குப் பொருட்டே அல்ல. கனமான செங்கல் சுவர் என்பதால் நிறுத்திய பிறகும் மெதுவாகத்தான் ஆறும். கனமான வார்ப்பு வேலைக்கு அது வரம்.

அதே குணம் உருகும் கட்டத்தில் சாபம். கண்ணாடியை 700க்கும் 760க்கும் நடுவில் அதிக நேரம் நிறுத்தினால் மேற்பரப்பில் படிகம் கட்டிப் பால் ஆடைபோல் மங்கும், டீவிட் என்பது இதுதான். உருகி முடிந்ததும் அந்த இடத்தைச் சட்டென்று கடக்க வேண்டும், கனத்த சூளை சட்டென்று எதையும் செய்யாது. காயில்கள் பக்கவாட்டில் இருப்பதால் அகலத் தட்டுகளை இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். முன்பு சுட்ட கிளேஸின், அதாவது பானை மேல் பூசும் பளபளப்புப் பூச்சின், துகள் மூடியிலிருந்து உதிர்ந்து உங்கள் தெளிந்த கண்ணாடியில் கறுப்புப் புள்ளியாக உட்காரும். ஆழமான தொட்டிக்குள் ஒரே ஒரு தட்டை வைத்துச் சூடேற்றினால் மின்சாரமும் வீண். பானையும் கண்ணாடியும் இரண்டும் செய்பவர் மட்டும் இதைச் சொந்தமாக வாங்கலாம்.

மூடியில் காயில் உள்ள கண்ணாடிச் சூளை

ஆழம் குறைந்த பெட்டி, தூக்கும் மூடி, மூடியின் உட்புறம் காயில். தட்டையான வேலைக்கென்றே வடிவமைத்தது. 30, 40 சென்டிமீட்டர் தட்டும் கிண்ணமும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதற்கு மாற்று இல்லை. இதில் இருக்கும் கேள்வி இறக்குமதியா, இங்கே செய்து வாங்குவதா என்பதுதான்.

அமெரிக்காவின் பாரகன், ஸ்கட், ஈவன்ஹீட் போன்றவை இந்த வேலையில் பழுத்த பெயர்கள். கன்ட்ரோலரில் கண்ணாடிக்கான நிரல் ஏற்கெனவே இருக்கும், காயில் இடைவெளி கணக்குப் பார்த்து அமைத்திருக்கும். ஆனால் அங்கே சின்னச் சூளைகள் 120 வோல்ட்டுக்கும் வரும். அதை அப்படியே நம் 230 வோல்ட்டில் சொருகினால் காயில் இழுக்கும் மின்திறன் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முதல் நாளே முடிந்தது கதை. 240 வோல்ட் மாடல் என்று எழுத்தில் உறுதி செய்யாமல் பணம் அனுப்பாதீர்கள், உறவினர் கொண்டுவருவதாக இருந்தாலும் சரி. கப்பல் கூலி, சுங்க வரி, உள்ளூர் லாரி என்று சேர்ந்து சூளை விலையோடு போட்டி போடும். காயில் போனால் அதே பயணம் மறுபடி.

இங்கே செய்து வாங்குவதில் எனக்குச் சாய்வு உண்டு, மறைக்கவில்லை. கோவையிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைப் பகுதிகளில் பர்னஸ் செய்பவர்கள் இருக்கிறார்கள். காயிலுக்கான காந்தால் கம்பி, சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள், பிஐடி எல்லாமே இங்கே கிடைப்பவை. சிக்கல், அவர்களில் பலர் இரும்பையும் பீங்கானையும்தான் அறிந்தவர்கள். “காயிலை மூடியில் வை” என்று சொல்லாவிட்டால் பழக்கத்தில் பக்கச் சுவரில் வைத்துவிடுவார்கள். வரைபடத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். முதல் சில வாரம் சூளையின் குணம் பழகும்வரை மாதிரித் துண்டுகள் வீணாகும், அதையும் செலவாக எழுதிக்கொள்ளுங்கள்.

சுவர் எதில் என்பதையும் நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஃபைபர் போர்டு இலேசானது, சட்டென ஏறும், மின்சாரம் குறைவு. இன்சுலேஷன் செங்கல் பொறுமையானது. இங்கே மின்தடையை நினைக்க வேண்டியிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவதை முன்பே அறிவிப்பார்கள், அன்று சூளை போடாமல் இருந்தால் போதும். சொல்லாமல் போகும் மின்சாரம் அனீலிங் நடுவில் போனால் ஃபைபர் பெட்டி மளமளவென இறங்கும், செங்கல் கொஞ்சம் தாங்கும். மூடியைத் திறக்காமல் விட்டு, கண்ணாடி உடையாமல் தப்பியிருந்தால் மெதுவாக ஏற்றி மீண்டும் அனீல் செய்யலாம். மின்தடை அதிகமுள்ள ஊர் என்றால் செங்கல், நகரத்து ஃபிளாட் என்றால் ஃபைபர்.

| | மைக்ரோவேவ் சூளை | லேப் மஃபிள் | மட்பாண்டச் சூளை | மூடிக் காயில் சூளை |
|---|---|---|---|---|
| நிஜமாகச் செய்யக்கூடிய அளவு | 3–4 செ.மீ. | 8–12 செ.மீ. அகலம் | பெரியது, ஆனால் மெதுவாக | 30–40 செ.மீ. தட்டு |
| ஆறவைக்கும் கட்டுப்பாடு | இல்லை | கன்ட்ரோலர் மாற்றினால் உண்டு | தன்போக்கில் மெதுவாக ஆறும், நல்ல கன்ட்ரோலர் இருந்தால் முழுமை | முழுமை |
| சூடு வரும் பக்கம் | மூடி | பக்கம் | பக்கம் | மேல் |
| மின் இணைப்பு | சாதாரண பிளக் | 16 ஆம்பியர் | பெரும்பாலும் தனி லைன், மூன்று ஃபேஸ் | 3 கிலோவாட் வரை 16 ஆம்பியர் |
| மறைந்த செலவு | தனி மைக்ரோவேவ் | கன்ட்ரோலர், எஸ்எஸ்ஆர் | மின்கட்டணம், கிளேஸ் தூசி | சுங்கம் அல்லது மாதிரிச் சுடுதல் |
| யாருக்கு | ஆசைக்குப் பார்ப்பவர் | நகை செய்பவர் | பானையும் செய்பவர் | தட்டு, கிண்ணம், சுவர் வேலை |

சூளையோடு சேர்ந்து முடிவாகும் கண்ணாடி

சூளை முடிவானாலும் கண்ணாடி முடிவாகாமல் வேலை நகராது. மலிவானது ஜன்னல் கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூரிலேயே மிதவைக் கண்ணாடி ஆலை இருக்கிறது, கண்ணாடிக் கடைகளில் கட்டிங் மிச்சம் கிடைக்கும். டஃபண்ட் (வலுவேற்றிய) கண்ணாடித் துண்டு மட்டும் வேண்டாம், கட்டர் பட்டதும் பொடிப்பொடியாகும். 3 மில்லிமீட்டர் இரண்டு அடுக்கு நல்ல தொடக்கம். உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் 6 மில்லிமீட்டர் கனத்தில் நிற்கப் பார்க்கும். ஒற்றை அடுக்கை உருக்கினால் ஓரம் உள்ளே சுருங்கி முள்முள்ளாகும், மூன்று நான்கு அடுக்கு வைத்தால் வழிந்து பரவும்.

ஜன்னல் கண்ணாடியின் குறை நிறம் இல்லாதது, டீவிட்டுக்கு எளிதில் ஆளாவது. உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வதால் ஒரு பக்கத்தில் வெள்ளீயப் படலம் இருக்கும், வளைக்கும்போது அந்தப் பக்கம் மங்கிப் பூக்கலாம். எது அந்தப் பக்கம் என்று பார்க்கச் சிற்றலை புற ஊதா விளக்கு வேண்டும், 254 நானோமீட்டர். ரூபாய் நோட்டு பார்க்கும் விளக்கு பெரும்பாலும் நீண்ட அலை, இதற்கு உதவாது. நிறத்துக்கு அடுக்குகளுக்கு நடுவில் செப்புத் தகடு, மைக்கா, எனாமல் பொடி வைக்கலாம். ஒரே தட்டிலிருந்து வெட்டிய துண்டுகளைத்தான் ஒன்றாக உருக்க வேண்டும். இரண்டு கடையின் ஜன்னல் கண்ணாடி ஒன்றாகத் தெரியும், ஒன்றாகச் சுருங்காது.

நிறம்தான் உங்கள் வேலை என்றால் ஃப்யூசிங் கண்ணாடிக்கு, அதாவது உருக்கி ஒட்டவென்றே செய்யும் கண்ணாடிக்கு, போக வேண்டும். 90 என்றும் 96 என்றும் இரண்டு குடும்பம், எண் சூட்டில் எவ்வளவு விரியும் என்பதைக் குறிப்பது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1974இல் தொடங்கிய புல்ஸ்ஐ 90க்குப் பெயர்பெற்றது. 96ஐ வளர்த்த ஸ்பெக்ட்ரம் நிறுவனம் 2016இல் மூடப்பட்டு, அதன் செய்முறையை ஓஷன்சைட் என்ற இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஒரே குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர்கள் அப்போது பட்ட கவலை சாதாரணமல்ல. இறக்குமதியை நம்பியிருக்கும் நமக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. 90ஐயும் 96ஐயும் ஒரு தட்டில் கலக்கவே கூடாது. ஒரே எண் என்பதாலேயே இரண்டு நிறுவனத்துக் கண்ணாடி பொருந்தும் என்றும் சொல்ல முடியாது, இளகும் தன்மையும் ஒத்துப்போக வேண்டும்.

சந்தேகம் வந்தால் சோதனை சுலபம். தெளிந்த கண்ணாடிப் பட்டையில் சந்தேகத் துண்டைச் சின்னதாக வைத்து உருக்கி, ஒழுங்காக அனீல் செய்யுங்கள். ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைஸிங் ஃபிலிம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி, பின்னால் வெளிச்சம் மறையும் கோணத்தில் நிறுத்துங்கள். நடுவில் பட்டையை வைத்துப் பார்த்தால், துண்டைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் தெரிந்தால் பொருந்தவில்லை. ஓரமெல்லாம் இருட்டாகவே இருந்தால் பொருந்தியது. பழைய எல்சிடி திரையிலிருந்து உரித்த ஃபிலிமே போதும்.

என் பரிந்துரை: முதல் சில மாதம் ஜன்னல் கண்ணாடி. வெட்டுவதும் சுடுவதும் கை வந்த பிறகு நிறம் வாங்குங்கள். நகை மட்டும் செய்பவருக்கு இது பொருந்தாது, அவருக்கு ஒரு பெட்டி ஃப்யூசிங் கண்ணாடி நெடுநாள் வரும்.

பில்லில் வராத செலவுகள்

3 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கென்றே 4 சதுர மில்லிமீட்டர் வயர், தனி எம்சிபி, சரியான எர்த் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடவே கூடாது. மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் லோடு இது, ஏசியைப்போல் விட்டுவிட்டு ஓடுவது அல்ல. 5 கிலோவாட் என்றால் 22 ஆம்பியர், வீட்டு பிளக் தாங்காது, நேரடி வயரிங்தான்.

கோடை மாலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கும் தெருவா உங்களுடையது? மின்திறன் வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், 3 கிலோவாட் சூளை 2.3 கிலோவாட்டாகிவிடும். மெதுவாக ஏறும், டீவிட் மண்டலத்தில் அதிக நேரம் நிற்கும், கண்ணாடி மங்கும். பலர் கண்ணாடியைக் குறை சொல்வது இதற்குத்தான். இரவு பத்து மணிக்கு மேல் சுடுங்கள்.

ஒருமுறை முழு உருக்கலுக்கு அந்தச் சூளை 10 யூனிட்டை ஒட்டி எடுக்கும். வாரம் இரண்டு என்றால் இரு மாதத்துக்கு 160க்கும் மேல். தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இருமாத அளவு 500 தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரைக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். இப்போதே 400ஐத் தொடும் வீடு என்றால் இதைக் கணக்கில் எடுங்கள். விற்பனைக்குச் செய்யத் தொடங்கினால் வீட்டுக் கட்டணத்திலேயே தொடரலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கண்ணாடி ஒட்டாமலிருக்கத் தட்டில் கில்ன் வாஷ் பூச வேண்டும், அலுமினா ஹைட்ரேட்டும் சைனா கிளேயும் தண்ணீரில் கரைத்தது. பூச்சுக்குப் பதில் தட்டில் விரிக்கும் இறக்குமதி ஷெல்ஃப் பேப்பர் வசதி, ஆனால் ஒரு சுடுதலோடு சாம்பல். அந்தச் சாம்பலையும் ஃபைபர் தூசியையும் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், என்95 மாட்டி ஈரத்துணியால் துடையுங்கள்.

அச்சு விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு லாபம் உண்டு. எஃகு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும், சுட்ட மண் குறைவாகச் சுருங்கும். அதனால் குழிக்குள் இறங்கும் வேலைக்கு மண் அச்சு, மேலே கவிழ்ந்து தொங்கும் வேலைக்கு எஃகு. எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, சூடாக்கி, கில்ன் வாஷ் பூசினால் கவிழ்க்கும் அச்சு தயார். சுட்ட மண் தட்டில் காற்று போக அடியில் ஓட்டை போட்டால் இறங்கும் அச்சு. மாறாகச் செய்தால் கண்ணாடி அச்சில் இறுகி உடையும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்பவரிடம் கேட்க வேண்டியது

காயில் மூடியிலா, அது தொங்கி விழாமல் எதில் பிடித்திருக்கிறது? கன்ட்ரோலரில் ஏற்றம், நிறுத்தம், இறக்கம் என்று எத்தனை கட்டம் எழுதலாம்? எட்டுக்குக் குறைந்தால் வேண்டாம். மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்து ஆரம்பிக்குமா, நின்றுவிடுமா? முதலிலிருந்து ஆரம்பிப்பது அனீலிங்கில் இருக்கும் தட்டை மறுபடி உருக்கிவிடும். தெர்மோகப்பிள் முனை தட்டின் உயரத்துக்கு அருகில் இருக்கிறதா, மேலே காயிலை ஒட்டியா? மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே நிற்கும் சுவிட்ச் உண்டா? மாற்றுக் காயில் ஒரு செட் இப்போதே சேர்த்துத் தருவாரா?

சூளை வந்ததும் உள்தட்டின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே அளவு ஜன்னல் கண்ணாடிப் பட்டையை இரண்டு சின்னத் தாங்கிகளின் மேல் பாலம்போல் வைத்து 680 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். ஐந்தும் எவ்வளவு தொங்கியிருக்கிறது என்று அளந்தால் எந்த மூலை சூடு, எந்த மூலை குளிர் என்று தெரிந்துவிடும். வித்தியாசம் அதிகமென்றால் மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே செய்தவரை அழைத்து அந்தப் பட்டைகளைக் காட்டுங்கள்.